சாபுவைப் பார்த்துவிட்டு வந்தேன், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை என்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி டூட்டி, காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. மெக்சிகோக்காரர் கடையில் மரச்சீனி கிடைக்கிறது. கெடாமலிருக்கத் தோலில் மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். சீவி அவித்தால் தக்கலைச் சந்தைக் கிழங்கு போலவே மாவாக உடைகிறது. சாளைக்கறிதான் இல்லை.

டூரிங் டாக்கீஸில் நீங்கள் ஓட்டிய பாக்தாத் திருடன் ஞாபகம் இருக்கிறதா? எம்.ஜி.ஆர். படமல்ல, 1940-இல் வந்த இங்கிலீஷ் படம். குப்பியைத் திறந்ததும் பூதம் எழும்பும்போது தரை டிக்கெட் பிள்ளைகள் மணலில் பின்னாலேயே நகர்ந்து போனார்கள் என்பீர்களே. அதில் வரும் பையன் சாபுவை இந்த லாஸ் ஏஞ்சல்ஸில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். லீவு நாளில் போய்ப் பார்த்தேன். மலைச்சரிவு முழுக்கப் புல். கல்லறைக் கற்களெல்லாம் தரையோடு தரையாகப் பதித்தவை, குனிந்து குனிந்துதான் பேர் வாசிக்க வேண்டும். கொண்டுபோன செவ்வந்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மைசூர்ப் பக்கம் காராப்பூரில் 1924-இல் பிறந்தவர். அப்பா மகாராஜாவின் யானைப்பாகன். யானைப் படம் எடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் இவரைப் பிடித்து நடிக்க வைத்தார்கள், மீதிப் படத்தை எடுக்க லண்டனுக்கே கூட்டிப்போனார்கள். அந்தப் படம் 1937-இல் வந்தபோது வயது பதிமூன்று. அப்புறம் ஹாலிவுட். 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை. யுத்தத்தில் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி சுட்டு வீரப் பதக்கம் வாங்கியிருக்கிறார். இத்தாலியில் அந்நாட்டு நடிகர், டைரக்டர் டி சிகாவோடு ஒரு படம்: இவர் ராஜகுமாரன், ஏழை வாத்தியாருக்கு யானையைப் பரிசாகக் கொடுத்துவிடுவார். பாவம் அந்த வாத்தியார், அதை எங்கே கட்டுவார்! லண்டன் சர்க்கஸிலும் யானைகளோடு வித்தை காட்டினார்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. இத்தனை நாட்டில் நடித்தவர் நம் நாட்டுக்காரர் எடுத்த ஒரு படத்திலும் இல்லை. 'மதர் இந்தியா' இந்திப் படத்தில் பிர்ஜு வேஷத்துக்கு டைரக்டர் மெஹபூப் கான் முதலில் நினைத்தது இவரைத்தான். வேலை செய்ய பெர்மிட் கிடைக்கவில்லை, வேஷம் சுனில் தத்துக்குப் போயிற்று. பிறந்த மண்ணில் வேலை செய்ய அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது, அப்பா. விசாவுக்காக நான் நின்ற வரிசையெல்லாம் அப்போது கண்முன் வந்தது. 1963 டிசம்பரில் மாரடைப்பு. முப்பத்தொன்பதே வயது.

ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு ஒரு நட்சத்திரமும் உண்டு. அதில் ஊர், குடும்பப் பேர் எதுவும் கிடையாது, பித்தளை எழுத்தில் 'சாபு' மட்டும். இங்கே கடைசியில் வருவதுதான் ஒருவரின் பேர். ஆஸ்பத்திரியில் என் அட்டையில் உங்கள் பேர்தான் பெரிதாக இருக்கிறது, டாக்டர்கள் என்னைக் கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். முதலில் திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்போது உடனே திரும்புகிறேன்.

ஓணத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தைக் கொண்டுவருவேன். பூதம் வரும் இடத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்து கதை சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஏத்தங்காய் உப்பேரி கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்