சோற்றில் தொடங்குங்கள்: உயிர் மூலக்கூறுகள் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உயிர் மூலக்கூறுகள் பாடம் தொடங்கும் அன்று, கரும்பலகையில் 'கார்போஹைட்ரேட், வகைகள்' என்று எழுதுவதற்கு முன்னால், ஒரு பிடி சோறும் ஒரு பிடி வைக்கோலும் மேசைமேல் வையுங்கள்.

நான் படித்தபோது எங்களுக்கு வரையறையில்தான் பாடம் தொடங்கியது. மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் தினமும் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு, அதே வயலில் விளைந்த அரிசிச் சோற்றைத் தின்று வளர்ந்த நான், இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்கரை என்று தெரியாமலேயே பள்ளியை முடித்தேன். கல்லூரியில் அது தெரிந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சோற்றில் உள்ள ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலி, வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. பிணைப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஸ்டார்ச்சின் ஆல்ஃபா பிணைப்பில் சங்கிலி சுருண்டுகொள்கிறது. செல்லுலோஸின் பீட்டா பிணைப்பிலோ ஒவ்வொரு குளுக்கோஸும் பக்கத்தில் இருப்பதற்குத் தலைகீழாகத் திரும்பி உட்கார, சங்கிலி நேராக நீண்டு, அண்டைச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டி, நாராகிவிடுகிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை வெட்டும், பீட்டாவைத் தொடாது. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான் (வகுப்பிலேயே செய்து பார்க்கலாம், செலவே இல்லை). மாட்டுக்கும் செல்லுலோஸை வெட்டும் நொதி சொந்தமாகக் கிடையாது, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் வெட்டிக் கொடுக்கின்றன.

வடிவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது என்பது இங்கே பிடிபட்டுவிட்டால் புரதம் பயமுறுத்தாது. புரதமும் சங்கிலிதான், அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகி, சிவப்பணுவையே அரிவாள்போல வளைத்துவிடுகின்றன. நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் இந்த அரிவாள் செல் நோயோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது எங்கோ தூரத்துச் செய்தி இல்லை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-இல் கணக்கிட்டு வரைபடமாகக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும். புதிதாகக் கண்டறியும் புரத அமைப்புகளை இன்றும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். சரி, பத்து நிமிடம் போதும். சோற்றில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள், கருநீலமாகும். பஞ்சில் விடுங்கள், ஆகாது, பஞ்சும் செல்லுலோஸ்தான். ஏன் என்று கேட்டுவிட்டு, அவர்கள் வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள். ஸ்டார்ச்சின் சுருளுக்குள் அயோடின் போய் உட்காருவதால் வரும் நிறம் அது என்று சொல்லிவிட்டு, அப்புறம் சாக்பீஸை எடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவன்