மே மாதச் சம்பளம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

சென்ற மாதம் தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "கோடைக்குச் சம்பளம் கிடையாதா? அப்படியென்றால் நீயும் எங்கள் கல்லூரிகளில் மே மாதம் சம்பளமில்லாமல் நிற்கும் கௌரவ விரிவுரையாளர்தானே!" என்றாய். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தங்கச்சியின் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் என் புலம்பல் எதற்கு என்றுதான் விட்டுவிட்டேன். கட்டுப் பிரித்தாயிற்று, ஊசியில் நூல் கோக்கிறாள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு மனம் லேசாயிற்று. இனிப் புலம்பலாம்.

முதலில் கணக்கு. இங்கே அமெரிக்காவில் எங்கள் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வேலை ஒப்பந்தம் ஒன்பது மாதங்களுக்குத்தான். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி மே நடுவில் முடியும். அந்த ஒன்பது மாதச் சம்பளத்தையே பன்னிரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்கிறேன். அதனால்தான் மாதாமாதம் பணம் வருவதுபோல் உனக்குத் தோன்றியிருக்கிறது. கோடையில் பாடம் நடத்தினால் அதற்குத் தனிக் கூலி. பொறியியல் துறைக்காரர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ஆய்வுகளுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆய்வு நிதி வைத்திருப்பவர் அதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ளலாம். வரலாறு, மொழி, தத்துவம், என்னைப்போல ஆய்வு நிதி வற்றிப்போன கிழட்டுப் புள்ளியியல்காரன் ஆகியோர்தான் கோடை வகுப்பை நம்பியிருக்கிறோம். எங்களுக்குள் ஒற்றுமை இல்லாததற்கும் பாதிக் காரணம் இதுதான்.

முன்பெல்லாம் ஒரு கோடைப் பாடத்துக்கு ஒன்பது மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தருவார்கள். எனக்கு 8,500 டாலர் வந்தது. இப்போது எல்லாருக்கும் ஒரே தொகை, 6,000. அதுவும் பன்னிரண்டு மாணவர்கள் இருந்தால்தான். குறைந்தால் தலைக்கு 500. பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடத்துகிறேன். ஏழு பேருக்கு நடத்தினாலும் எழுபது பேருக்கு நடத்தினாலும் தொண்டை ஒன்றுதானே வறளுகிறது?

இந்த ஆண்டு நடந்ததைக் கேள். வகுப்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏழு பேர்தான் பதிந்திருக்கிறார்கள், 3,500 டாலருக்குச் சம்மதமா, வகுப்பை ரத்து செய்துவிடலாமா, இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்றது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் நான்கு பேர் செவிலியர் படிப்பில் சேரக் காத்திருப்பவர்கள். புள்ளியியலில் தேறாமல் இலையுதிர் காலச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க முடியாது. சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால் பதினோரு பேர்! கோடையில் பிள்ளைகள் கடைசி நேரத்தில்தான் பதிவார்கள், உதவித்தொகை கையில் வந்தால்தானே கட்டணம் கட்ட முடியும்? ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பெல் உதவித்தொகையைக் கோடைக்கும் சேர்த்துத் தரும் ஏற்பாட்டை 2011இல் நிறுத்தி, 2017இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது வந்த பிறகு இப்படிக் கடைசி நாளில் ஓடிவருகிறவர்களை அதிகம் பார்க்கிறேன். ஆனால் தலை எண்ணும் நாள் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையாம். பிறகு வந்த நான்கு பேர் கட்டணம் கட்டினார்கள், வீட்டுப்பாடம் எழுதினார்கள், தேர்வில் என்னோடு மதிப்பெண்ணுக்கு மல்லுக்கட்டினார்கள். சம்பளக் கணக்கில் மட்டும் அவர்கள் பிறக்கவே இல்லை. ஆளுக்கு 1,200 டாலர் வீதம் பதினோரு பேர் கட்டியது 13,200. எனக்கு வந்தது 3,500. மின்சாரம், கட்டடம், நூலகம் என்று சொல்வார்கள், சரி. ஆனாலும் நான் புள்ளியியல் வாத்தியார், மிச்சத்தைக் கழித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா?

முன்பென்றால் எங்கள் துறை அலுவலகத்து அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபது ஆண்டுகளாகக் கோடை அட்டவணை போட்டவர் அவர். "புதன்கிழமை வரை பொறுங்கள், நான்கைந்து பேர் வருவார்கள்" என்பார், வருவார்கள். அவரைச் சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சேவை மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வளாகத்தின் மறுகோடியில், எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து, பயணப்படி ரசீதுகளைச் சரிபார்க்கிறார். இப்போது எனக்குப் பெயர் கிடையாது, முறையீட்டு எண்தான். மூன்று முறை எழுதினேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள். முந்தையவர் எழுதியதை அடுத்தவர் படித்ததாகத் தெரியவில்லை.

வேடிக்கை ஒன்று சொல்லவா? 1980இல் இங்கே உச்ச நீதிமன்றம் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பாடத்திட்டம், தேர்வு முறை, மாணவர் சேர்க்கை ஆகியவற்றை முடிவுசெய்யும் பேராசிரியர்கள் உண்மையில் நிர்வாகிகள், ஆகவே தொழிற்சங்கமாகப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்றது. அது தனியார் பல்கலைக்கழகங்களுக்கானது, எங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம். இருந்தாலும் அதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. பதினோரு பேரைப் பதினொன்று என்று எண்ண அதிகாரமில்லாத நிர்வாகி நான்!

இதில் என் கையும் கறைபட்டதுதான், மாப்பிள்ளை. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் துறைத் தலைவனாக இருந்தபோது, கோடை வருவாயைப் பல்கலைக்கழகத்தின் மைய நிர்வாகமே வாங்கிக்கொள்ளும், அதில் ஒரு பகுதியைத் துறைகளுக்குத் திருப்பித் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. சிறிய துறைகளுக்கு நல்லது என்றார்கள். கோடை அட்டவணையோடு மாரடிக்கும் வேலை ஒழிந்தது என்று எனக்கும் உள்ளூர நிம்மதி. கூட்டத்தில் கையைத் தூக்கினேன். திருப்பித் தருவது இரண்டு ஆண்டு வந்தது. பிறகு "ஒதுக்கீடு மறுபரிசீலனையில் உள்ளது" என்ற வாசகம் மட்டும் வருகிறது. பணத்தைக் கொடுத்தோம் என்றுதான் நினைத்தோம். எந்தப் பாடம் நடக்கும், எத்தனை பேர் இருந்தால் அது வகுப்பு என்று சொல்லும் உரிமையும் அந்த மூட்டையிலேயே கட்டிப் போயிருக்கிறது.

எனக்காவது நிரந்தரப் பணி. என் பக்கத்து அறையில் பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இளம் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய கோடை வகுப்பு இரண்டையும் ரத்து செய்துவிட்டார்கள். வேலையில்லா உதவித்தொகையும் கேட்க முடியவில்லை. அடுத்த பருவத்தில் வேலை கிடைக்கும் என்ற நியாயமான உறுதி இருப்பவருக்குப் பருவ இடைவெளியில் அது கிடையாது என்று சட்டம் சொல்கிறது. மாணவர் சேராவிட்டால் அடுத்த பருவமும் இல்லை என்று அவருடைய பணி நியமனக் கடிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதற்குப் பெயர் உறுதியாம். அவர் இந்தக் கோடையில் ஒரு தோட்டக்கடையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நான் போய்த் தக்காளி நாற்று வாங்கிவந்தேன், வேறென்ன செய்ய?

அப்போதுதான் நீ கல்லூரி முதல்வராக இருந்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது. கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பதினோரு மாதச் சம்பளம்தான், மே மாதம் வெறுங்கை என்பதால், விடைத்தாள் திருத்தும் பணிக்கு அவர்கள் பெயரை முதலில் எழுதி அனுப்புவாய் என்றாய். மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்றும் சொன்னாய். நான் அப்போது "உங்கள் அரசாங்கத்தில் எல்லாமே இப்படித்தான்" என்று ஏதோ பெரிய மனிதனாகப் பேசினேன். மறந்திருப்பாய் என்று நம்புகிறேன். நீ எங்கே மறப்பாய்!

அதை எப்படிச் செய்தாய் என்று விவரமாக எழுது. யாரிடம் பேசினாய், பட்டியலை எப்போது அனுப்பினாய், முகம் சுளித்தவர்களுக்கு என்ன பதில் சொன்னாய்? செப்டம்பரில் எங்கள் ஆசிரியர் பேரவை கூடுகிறது. இந்த முறை கையைத் தூக்குவதற்கு முன் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசலாம் என்றிருக்கிறேன்.

டிசம்பரில் வருகிறேன். தங்கச்சியிடம் சொல், என் சட்டைப் பொத்தான்கள் இரண்டு அவளுடைய புதுக் கண்ணுக்காகக் காத்திருக்கின்றன. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சேவை மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. என் முறையீடு தீர்க்கப்பட்டதாம். எப்படி என்று சொல்லவில்லை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்