சோலார் பம்பு போடலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு நிம்மதியானது. இங்கே காங்கேயத்தில் எல்லோரும் நலம். மோட்டார் ரிப்பேர் கடையைப் பெரியவன் முழுதாகப் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய், ரிப்பேருக்கு வந்திருக்கும் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறேன்.

சென்னையை விட்டு வேடசந்தூருக்கே வந்துவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இலவச மின் இணைப்புக்குக் காத்திருப்பதா, மானியத்தில் சோலார் பம்பு போட்டுக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். போடு என்பதுதான் என் பதில். ஆனால் பம்பு விற்க வருகிறவர் சொல்லாத சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போடு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மோட்டாருக்கான மூணு ஃபேஸ் கரண்டு ராத்திரியில் வந்தால் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போகிற பிழைப்பு இனி உனக்கு வேண்டாம். நம் வயசில் பாம்புக்குப் பயந்து நடக்க முடியாது. சோலாரில் பகலிலேயே தண்ணீர் கட்டி முடித்துவிடலாம். இன்னொன்று, என் கடைக்கு வருகிற மோட்டார்களில் பாதிக்கு மேல் ஒரு ஃபேஸ் போனதால் எரிந்தவை. பிரித்தவுடன் தெரிந்துவிடும்: ஸ்டார் இணைப்பில் மூன்று செட் காயிலில் இரண்டு கரிக்கட்டையாக இருக்கும், ஒன்று மட்டும் நேற்று சுற்றியதுபோலப் பளபளக்கும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிற பிரிவென்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கன்டென்சர் வைத்து ரெண்டு ஃபேஸில் ஓட்டுகிறவர்களிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. சோலாரில், தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கிற கன்ட்ரோலர் பெட்டியே மூணு ஃபேஸையும் உண்டாக்கிக் கொடுக்கிறது. லைனில் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் எரியும் பேச்சே அங்கே கிடையாது. என் வருமானம் குறைகிற விஷயம்தான், ஆனாலும் உண்மை அதுதான்.

இனி பலரும் ஏமாறுகிற இடத்துக்கு வருகிறேன். 5 எச்.பி. பம்பு என்றால் நாள் முழுக்க 5 எச்.பி.க்குத் தண்ணீர் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெயில் ஏற ஏறத்தான் மோட்டார் வேகம் எடுக்கும். பம்பின் வேகம் பாதியானால் தண்ணீர் பாதியாகும் என்று தோன்றும், ஆனால் தண்ணீரைத் தூக்கும் உயரம் கால்வாசிக்கு இறங்கிவிடும். வேகம் 80 சதவீதம் என்றால் உயரம் 64 சதவீதம்தான். அதனால் நூறடிக் கிணற்றில் காலை எட்டு மணிக்கே தண்ணீர் கொட்டுகிற அதே சோலார், எழுநூறு அடி போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், பத்து மணி வரைக்கும் மோட்டார் சுற்றியும் குழாயில் ஒரு சொட்டு காட்டாது. மேகமூட்டமான நாளிலும் இதே கதைதான். உன் போரின் ஆழத்தை நீ எழுதவே இல்லை. எல்லாக் கணக்கும் அதில்தான் தொடங்குகிறது.

நிழலையும் லேசாக நினைக்காதே. சோலார் தகடுகளை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு தகட்டின் மேல் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். போன மாதம் ஒரு தோட்டத்தில் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். மோட்டார், கேபிள், கன்ட்ரோலர் எல்லாம் சரி. மேற்கே நின்ற தென்னையின் ஒற்றை மட்டை நிழல் ரெண்டு தகட்டின் குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. மட்டையை வெட்டியதும் தண்ணீர் திரும்பிவிட்டது. தென்னை வளரும், அடுத்த வருஷம் வேறு மட்டை வரும். அதனால் சப்ளை செய்கிறவர்கள் காட்டுகிற இடத்தில் தகடுகளை நட விட்டுவிடாதே. நீயே காலையிலும் சாயங்காலமும் நின்று நிழல் பார்த்து இடம் சொல்லு.

அப்புறம் ரிப்பேர். எனக்கு இதுதான் பெரிய கவலை. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லும் பம்பும் பெருகின. 1937இல் அங்கேயே மோட்டார் செய்தார்கள். அந்த வழியில் வந்ததால்தான் இன்றைக்கு எந்தச் சந்தைப்பேட்டைக்குப் போனாலும் காயில் சுற்றத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். காலையில் எரிந்த மோட்டாரை மறுநாள் இறக்கிவிடலாம். சோலார் கன்ட்ரோலர் அப்படி இல்லை. இடி இறங்கி போர்டு போனால் நானோ என் மகனோ ஒன்றும் செய்ய முடியாது. சர்க்யூட் வரைபடம் கொடுப்பதில்லை, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் சித்திரை வெயிலில் வாழை காய்ந்துவிடும். சோலார் பம்புக்கு மானியம் தருகிற மத்திய அரசின் குசும் திட்டத்தில் ஐந்து வருஷம் பராமரிப்பு சப்ளை செய்தவர் பொறுப்பு. தகடோ இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்கிறார்கள். ஆறாவது வருஷம் கன்ட்ரோலர் போனால் என்ன விலை, எங்கே கிடைக்கும், வேறு கம்பெனி கன்ட்ரோலர் இதே மோட்டாருக்குச் சேருமா என்று இப்போதே கேள். எர்த் குழியை உன் கண் முன்னால் தோண்டச் சொல்லு, சும்மா ஒரு கம்பியை மண்ணில் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர் பற்றியும் கேட்டிருந்தாய். வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடுவது பெரிய வசதிதான். ஆனால் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகிறது என்பதை செல்போன் பார்க்காது. அந்த ஸ்டார்ட்டர் உள்ளே ஒரு சிம் கார்டு போட்டுத்தான் ஓடும்; 2018இல் ஒரு சிம் கம்பெனி மூடியபோது எங்கள் பக்கம் பல தோட்டத்தில் ஒரே வாரத்தில் ஸ்டார்ட்டர் செத்துப்போனது. கையால் அழுத்துகிற பச்சை பட்டனையும் சேர்த்தே வைத்துக்கொள்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு முருகேசு. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இலவசமானது. அதற்காக உயிரைக் கொடுத்துப் போராடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லையென்றால் எங்கள் அப்பா நிலத்தை விற்றிருப்பார். ஆனால் மோட்டாரை நிறுத்தக் காரணம் இல்லாமல் போனது. கிணறு வற்றியது, போர் வந்தது, போரும் இறங்கிக்கொண்டே போகிறது. சோலாரிலும் வெயிலுக்குக் காசு இல்லை, நிறுத்தத் தோன்றாது. அதனால் போரை இன்னும் ஆழப்படுத்தாதே. பழைய கிணறு இருக்கிறதே, எங்கள் பக்கம் செய்வதுபோல போர்த் தண்ணீரை அதில் விட்டு, அங்கிருந்து சின்ன மோட்டாரில் சொட்டுநீருக்கு எடு. எவ்வளவு எடுத்தாய் என்று கிணற்றுப் படியைப் பார்த்தாலே தெரியும். சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயி என்றால் நூறு சதவீத மானியமே இருக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் சொட்டுநீர்க் குழாயை ஆசிட் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும். எலிக் கடியும் அணில் கடியும் இருக்கத்தான் செய்யும்.

மின் இணைப்பு மனுவைத் திரும்ப எடுத்துவிடாதே. சோலார் வாங்கினால் உன் வரிசை எண் என்ன ஆகும் என்று ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கு.

தை பிறந்ததும் நான் அங்கே வருகிறேன். அதற்குள் ஒரு வேலை செய். மோட்டார் ஓடாத காலையில் கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி போரில் விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார். நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு திரும்பவும் பார். ரெண்டு அளவையும் எழுதி வை. அது கையில் இருந்தால் பம்புக்குள் அடுக்கடுக்காக இருக்கிற சுழலி எத்தனை (எத்தனை ஸ்டேஜ்) வேண்டும், எத்தனை தகடு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். யாரிடமும் அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
உன் ராசு