பிராட்வே வளாகம்: நடைபாதை இணைப்பு முதலில் வரட்டும்

ஐயா,

சென்னை பிராட்வே பஸ் நிலையமும் குறளகம் என்ற அரசுக் கட்டடமும் இருந்த இடத்தில், பஸ் நிலையத்தையும் வணிக வளாகத்தையும் வாகன நிறுத்துமிடத்தையும் ஒருங்கே அமைக்கும் மாநகராட்சித் திட்டம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2002-இல் வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போன பிறகு கவனிப்பாரின்றித் தேய்ந்த இடம் அது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அங்கே வருவோரில் பெரும்பாலோர் கடை பார்க்க வருபவர்கள் அல்லர், பஸ் பிடிக்க வருபவர்கள். வாடகை வருவாய்க்காகக் கடைகள் முந்திக்கொண்டு, பயணிகளின் வசதி பிந்திவிடக் கூடாது.

திருவொற்றியூரில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பிராட்வே அருகே ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டு வாங்கி, அதைத் தோளில் சுமந்தபடி என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய் வரும். சென்ற மழைக்காலத்தில் ஒதுங்க இடமின்றி ஒரு கட்டு முழுவதும் நனைந்து வீணானது. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தையும் கோட்டை ரயில் நிலையத்தையும் பஸ் நடைமேடையோடு இணைக்கும் பாதை, சுமையோடும் சக்கர நாற்காலியோடும் செல்லும் அகலத்தில், மழை படாத கூரையோடு அமைய வேண்டும். அது திறக்கப்பட்ட பிறகே கடைகளை ஏலம் விட வேண்டும் என மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம்.

— அச்சக உரிமையாளர், திருவொற்றியூர்