உண்டியலில் கருவியின் பெயரை எழுதிப் பூட்டாதீர்கள்

உக்ரைன் போர்முனையில் இருப்பவர்களுக்கு ட்ரோன் தடுப்புக் கருவிகள் வாங்க நிதி திரட்டும் அறக்கட்டளைகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

அன்புடையீர்,

உங்கள் வேண்டுகோள்களைப் பார்த்து அவ்வப்போது பணம் அனுப்பும் தமிழர்களில் நானும் ஒருவன். தொகை சிறியதுதான். ரேடியோ கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், அந்தப் பணம் என்ன பொருளாக மாறுகிறது என்று சற்று அதிகமாகவே துருவிப் பார்ப்பேன். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்ன கருவி, இத்தனை எண்ணிக்கை என்று அறிவித்து உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்ளாதீர்கள். பணம் சேர்ந்து முடியும் நாளில் அந்தப் படைப்பிரிவுக்கு எது பயன்படுமோ அதை வாங்கும் அனுமதியை, கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இப்போதைய வேண்டுகோளின் அமைப்பு எல்லோருக்கும் பழகியது. மோனோபேங்க் என்ற உக்ரேனிய வங்கியின் இணைய உண்டியலுக்கு ஒரு இணைப்பு, ஒரு படைப்பிரிவின் பெயர், ஜாமரின் படம், உக்ரைன் பணத்தில் இத்தனை லட்சம் ஹிரிவ்னியா என்ற இலக்கு. தொகை ஏற ஏற நமக்கும் உற்சாகம். கடைசியில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் முகம் மறைத்த வீரர்கள் நிற்கும் படம் வரும். சிலிர்ப்பாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் இருப்பது எத்தனை மாதத்துக்கு உயிர் காக்கும் என்பதை மட்டும் அந்தப் படம் சொல்லாது.

ஜாமர் செய்வது எளிய வேலை. ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையிலான ரேடியோ தொடர்பின் மேல் இரைச்சலை அள்ளிக் கொட்டுகிறது. எந்த அலைவரிசையில் கொட்ட வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தொடக்கத்தில் எஃப்.பி.வி. ட்ரோன்களின் (கேமரா அனுப்பும் படத்தைப் பார்த்தபடி ஓட்டப்படும் சிறு தாக்குதல் ட்ரோன்கள்) கட்டுப்பாடு பெரும்பாலும் 868, 915 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடியது. கடையில் கிடைக்கும் உதிரிபாகங்கள் அந்த அலைவரிசைகளுக்குச் செய்யப்பட்டவை என்பது காரணம். அதற்கேற்ற ஜாமர்கள் வண்டிகளின் மேல் ஏறியதும் ரஷ்யத் தரப்பு 700க்கு இறங்கியது; இன்னும் கீழே போனது; பிறகு மேலேயும் போனது. பத்து வாசலை அடைத்துவிட்டுப் பதினோராவதைத் திறந்து வைத்த வீட்டுக்கும் விடுபட்ட ஒரே ஒரு அலைவரிசை கொண்ட ஜாமருக்கும் வித்தியாசம் கிடையாது. பணம் திரட்டி, ஆர்டர் கொடுத்து, பெட்டி போர்முனைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த இடைவெளி உருவாகிவிடலாம். ரஷ்ய ட்ரோன்களின் அலைவரிசைகளைத் தொடர்ந்து கண்காணித்து வருபவர் ரேடியோ நிபுணர் செர்ஹி பெஸ்கிரெஸ்ட்னோவ். ‘ஃபிளாஷ்’ என்றால்தான் உக்ரைனில் பலருக்கும் தெரியும். அவரைப் போன்றவர்களின் எச்சரிக்கைகளைப் படித்தபின் ஒரே வகைப் பெட்டிக்காக மாதக்கணக்கில் உண்டியல் குலுக்குவது எனக்குப் புரியவில்லை.

2024இல் இன்னொன்றும் வந்து சேர்ந்தது: ஒளியிழை ட்ரோன். பறக்கும்போதே பின்னால் மிக மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே வருகிறது. கட்டளையும் படமும் அந்த இழை வழியாகவே போய் வருகின்றன. குலைப்பதற்கு ரேடியோ தொடர்பே இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாமரும் அதன் முன்னால் வெறும் சுமை. 10, 20 கிலோமீட்டர் தூரத்துக்கும், அதற்கு மேலும் இப்படி வந்து தாக்குகிறார்கள்.

ட்ரோன் டிடெக்டர்களின் கதையும் இதுதான். ‘சுய்கா’ என்ற உக்ரேனியக் கருவி, நெருங்கி வரும் ட்ரோன் அனுப்பும் அனலாக் வீடியோவை இடைமறித்துத் தன் சின்னத் திரையில் காட்டும். அந்தத் திரையில் ஒரு மண்பாதை தெரிகிறது, பாதையில் ஒரு வண்டி தெரிகிறது, அது நாம் உட்கார்ந்திருக்கும் வண்டி. மேற்கூரை பெரிதாகிக்கொண்டே வருகிறது. குதித்து ஓட அந்தச் சில நொடிகள் கிடைக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நொடிகளுக்கு விலை கிடையாது. வருவது ஒளியிழை ட்ரோனாக இருந்தால் அந்தத் திரையில் எதுவுமே தெரியாது. இந்தக் கருவிகளை வாங்கவே கூடாது என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேடியோ ட்ரோன்கள் இன்னும் ஏராளமாகப் பறக்கின்றன. எதை, எந்த விகிதத்தில் வாங்குவது என்பதைச் சில மாதங்களுக்கு முந்தைய அறிவிப்பு முடிவு செய்யக் கூடாது என்பதே என் வாதம்.

‘பெயர் சொல்லாமல் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்’ என்பீர்கள். உங்கள் நாட்டிலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2022 ஜூனில், தொலைக்காட்சிப் பிரபலமும் தன்னார்வலருமான செர்ஹி பிரித்துலாவின் அறக்கட்டளை, பைரக்தார் என்ற பெரிய தாக்குதல் ட்ரோன்கள் மூன்று வாங்க 50 கோடி ஹிரிவ்னியா கேட்டது. மூன்றே நாளில் 60 கோடி குவிந்தது. தயாரிப்பாளரான துருக்கியின் பைக்கார் நிறுவனம், பணம் வேண்டாம், மூன்றையும் இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லிவிட்டது. மக்களிடம் வாங்கிய பெருந்தொகை கையில் இருக்கிறது. வாங்குவதாகச் சொன்ன பொருளோ விலையில்லாமல் வந்துவிட்டது. ஆகஸ்டில், ஃபின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனத்தின் ரேடார் செயற்கைக்கோளை உக்ரைன் ராணுவம் பயன்படுத்துவதற்காக அந்தப் பணத்தைச் செலவிட்டதாக அறக்கட்டளை அறிவித்தது. கேட்டது ஒன்று, வாங்கியது வேறொன்று. காரணத்தைச் சொன்னார்கள், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த முறையும் கொடுத்தார்கள். கொடுப்பவர்களை நீங்கள் நினைப்பதை விட அதிகமாகவே நம்பலாம்.

கை கட்டப்படாமல் இருந்தால்தான் படத்துக்கு எடுப்பாக இல்லாத பொருள்களுக்கும் பணம் போகும். மீன்வலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையிலிருந்து 2025இல் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய ஆழ்கடல் வலைகள் உக்ரைனுக்குப் போயின. சாலையின் இருபுறமும் கம்பம் நட்டு, மேலே வலையை விரித்துக் கூண்டு மாதிரிக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே பாயும் ட்ரோனின் இறக்கையை வலை சுற்றிக்கொள்கிறது. அது ரேடியோவில் ஓடினால் என்ன, ஒளியிழையில் ஓடினால் என்ன! ஆனால் வலை கிழியும், எரியும், பனி உறைந்தால் தொங்கும். கிழிசல் வழியாக நுழைந்து சாலையோரத்தில் இறங்கி, வண்டி வரும்வரை காத்திருக்கும் ட்ரோன்களும் இருக்கின்றன. ஆகவே கம்பம், கம்பி, ஏணி லாரி, நாள்தோறும் போய்த் தைக்கும் ஆட்களுக்கான எரிபொருள் என்று செலவு நீள்கிறது. ‘வலை தைக்க நிதி’ என்ற வேண்டுகோள் என் கண்ணில் பட்டதே இல்லை.

ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி) விஷயமும் அப்படித்தான். எல்லாம் தவறியபின் எஞ்சுவது அதுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ட்ரோன் கடைசி 30 மீட்டரைக் கடக்க ஒரு நொடிதான் ஆகும். அந்த நொடியில் சுட்டு வீழ்த்தத் துப்பாக்கி மட்டும் போதாது. பறக்கும் இலக்கைப் பலமுறை சுட்டுப் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்குத் தோட்டா வேண்டும். துப்பாக்கிக்குக் கிடைக்கும் கொடை பயிற்சித் தோட்டாவுக்குக் கிடைக்கிறதா? ஜாமர்களுக்கும் பழுது பார்ப்பு உண்டு. ஆன்டெனாவைச் சரியாக மாட்டாமல் இயக்கினால் ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும். புழுதி அடைத்து விசிறி நின்றாலும் அதே கதி. எரிந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு, புதிய அலைவரிசைக்கான மாட்யூலைப் பொருத்தத் தெரிந்த ஒருவர் உதிரிபாகங்களோடு பக்கத்தில் இருந்தால் பழைய பெட்டிக்கு மறுவாழ்வு உண்டு. (என் தொழில் புத்தி இங்கே பேசுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இதையெல்லாம் அரசாங்கமே வாங்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்க வேண்டும், வாங்கவும் செய்கிறது. ராணுவக் கொள்முதலுக்கு ஒப்பந்தம், சோதனை, ஒப்புதல் என்று படிகள் உண்டு. அந்தப் படிகளில் ஏறாமல் இந்த வாரத் தேவையை இந்த வாரமே வாங்க முடிவதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே அனுகூலம். பொருளின் பெயரோடு உண்டியலைப் பூட்டும்போது அதை நீங்களே கைவிடுகிறீர்கள்.

சுதந்திரம் கேட்பவர் கணக்கும் காட்ட வேண்டும். பெட்டியைக் கையளித்த நாளின் படத்தோடு நிறுத்திவிடாமல், ஆறு மாதம் கழித்து ஒரு குறிப்பு வெளியிடுங்கள். கொடுத்தவற்றில் எத்தனை இன்னும் இயங்குகின்றன, எத்தனை எரிந்தன, எத்தனை காலாவதியாகி மூலையில் கிடக்கின்றன, அடுத்து எதை ஏன் வாங்கினீர்கள் என்று எழுதினால் போதும். அலைவரிசையோ, படைப்பிரிவின் இடமோ, முகமோ வேண்டாம். எதிரிக்குப் பயன்படும் எதையும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவித்த திறனில் பாதியைக் கூட வெளியிடாத ஜாமரை ஒரு தயாரிப்பாளர் விற்றிருந்தால், அவரிடம் மறுபடி வாங்கவில்லை என்ற செய்தி மட்டும் எங்களுக்கு வேண்டும். எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் சோதித்த பிறகே பணம் கொடுக்கிறோம் என்று நீங்கள் எழுதினால், அந்த ஒரு வரிக்காகவே நான் கொடுப்பேன்.

அடுத்த வேண்டுகோளில் ஜாமரின் படத்தையே போடுங்கள், ஆட்சேபணை இல்லை. அதன் கீழே இப்படி எழுதுங்கள்: ‘பணம் சேரும் நாளில் இதை விடப் பயனுள்ளது வேறு என்று படைப்பிரிவு சொன்னால், அதையே வாங்குவோம். பத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவோம். என்ன வாங்கினோம் என்பதை இதே இடத்தில் தெரிவிப்போம்.’ இந்த மாதம் அனுப்ப வேண்டியதை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாசகத்தோடு வரும் முதல் உண்டியலில் அதைப் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கொடையாளர்களில் ஒருவன்