மேட்டூர் நிலவரம் மட்டும் போதாது, முறை நாளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேட்டூரில் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று நாள்தோறும் போடுகிறீர்கள். தண்ணீர் தட்டுப்பாடான ஆண்டில், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்கு அதைவிட முக்கியம், தம் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் முறை எந்தத் தேதியில் வரும், எத்தனை நாள் ஓடும் என்பது.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி, எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகத்திலிருந்து நமக்கு வரவேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பங்கே அதில் 114-ஐ நெருங்கும். மழை பொய்த்த ஆண்டில் இதை எந்தக் கணக்கில் குறைப்பது என்பதில்தான் இழுபறி. 2023-இல் காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகத்தை 15 நாளுக்கு வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னது. கூட்டிப் பார்த்தால் ஆறரை டி.எம்.சி.தான். ஜூன் 12-இல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10-இல் மூடினார்கள். அது டெல்லியில் தீரவேண்டிய வழக்கு. வாய்க்கால் கரையில் நடப்பதை நாமே தீர்க்கலாம்.

வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் மணல் மூட்டை அடுக்கித் தேக்குகிறார்கள், ஆயில் என்ஜின் வைத்து இறைக்கிறார்கள் என்று புகார் வருகிறது. பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டத்தான் செய்வார்.

தண்ணீரை மிச்சம் பிடிக்க, நெல் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' நல்ல பாசனம்தான். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் 2 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு, குழாயில் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. குழாயை மேட்டில் நட்டால் கணக்குத் தப்பும். களிமண் துளையை அடைத்தாலும் தப்பும், கொசுவலைத் துணி சுற்றினால் அடைக்காது.

ஆனால் 15 செ.மீ. இறங்கிய அன்று வாய்க்காலில் தண்ணீர் இருந்தாக வேண்டும். நாலைந்து நாள் தள்ளினால் டெல்டாக் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். பிறகு பாயும் தண்ணீர் வெடிப்பு வழியே அடியில் இறங்கி, மிச்சம் பிடித்ததற்கு மேலேயே வீணாகிவிடும். ஒருமுறை இப்படிச் சுட்டுக்கொண்டவர் மறுபடி குழாயைத் தொடமாட்டார்.

ஆகவே நீர்வளத் துறையிடம் கேட்டு வாங்கி, மதகின் பெயர், திறக்கும் நாள், அடைக்கும் நாள், வாய்க்காலின் கடைசி ஷட்டரில் அன்று காலை அளவுகோல் காட்டிய உயரம், இந்த நான்கையும் மேட்டூர் நிலவரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். முறை தள்ளிப்போவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே போட வேண்டும். குழாயில் 10 செ.மீ. இறங்கும்போதே தெரிந்துவிட்டால், ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரிடம் ஒரு தடவைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அந்த வழியும் அடைபட்டது. அந்த வாய்க்கால்களைப் பட்டியலில் முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை வாசகர்,
திருத்துறைப்பூண்டி