டர்போ கெடக்கட்டும், மொதல்ல ரப்பரப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார வீட்லயே வச்சு பவர் ஏத்தறது எப்படின்னு போன வாரம் உங்க வாகனப் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, நம்ம விஷயமாச்சேன்னு ஆசையா எடுத்தேன், ஆனா மேல போட்டிருந்த போட்டோவ விட்டு கண்ணே நகரல. ஒருத்தர் வண்டிய ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிட்டு இடுப்பு வரைக்கும் அடில படுத்திருக்காரு, ஸ்டாண்டு ஒண்ணு கூட இல்ல. ஜாக்கி தூக்கறதுக்குத்தான் சார், தூக்கினத தாங்கறதுக்கு ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜாக்கில உள்ள எண்ணெய் கசியாம அடைக்கற சீல நம்பித்தான் அவ்ளோ வெயிட்டும் நிக்குது, அது விடறப்ப சொல்லிட்டு விடாது. ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்கு அண்டக் கட்டை, அப்பறம் படுக்கறதுக்கு முன்னாடி வண்டிய ஒருதடவ நல்லா உலுக்கிப் பாக்கறது, இதுக்கு மொத்தமா அஞ்சு நிமிஷம் ஆகும்.

நான் வச்சிருக்கறது மொத தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், ஹெட்லைட் எந்திரிச்சு உக்காந்து முழிக்குமே அந்த வண்டி. 1989ல சிகாகோ ஆட்டோ ஷோல மொதமொதலா காட்டினாங்க. எடை ஒரு டன்னுக்கும் கம்மி, பவர் சுமாரா 115 குதிரைதான், நேர் ரோட்டுல இப்ப வர்ற சாதா கார் கூட இத அசால்ட்டா தாண்டிப் போயிடும், போகட்டும். இத வாங்கறவங்க வளைவுக்காக வாங்கறாங்க. 2016 ஏப்ரல்ல எம்எக்ஸ்-5 வரிசைல பத்து லட்சமாவது வண்டிய செஞ்சாங்க, அத்தன பேரும் பவருக்கு ஆசப்பட்டா வாங்கியிருப்பாங்க?

உங்க கட்டுரைல டர்போ (இஞ்சினுக்குள்ள கூடுதல் காத்த அமுக்கித் தள்ளற சாதனம்), உயரம் கொறைக்கற ஸ்பிரிங், பெரிய வீல், சத்தமான சைலன்சர்னு அடுக்கிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஓடின வண்டில இதெல்லாம் போடறதுக்கு முன்னாடி, புதுசுல இருந்து வண்டி எதையெல்லாம் தொலைச்சிருக்குன்னு ஒரு வரியாவது எழுதியிருக்க வேணாமா. என் வண்டி வாங்கின புதுசுல நானும் இதே மாதிரிதான் ஸ்பிரிங் ஆசைல இருந்தேன், வளைவுல பின்பக்கம் லேசா ஆடுது, கை விட்டா ஒரு பக்கமா இழுக்குது, சரி ஸ்பிரிங் மாத்தினா சரியாப் போயிடும்னு நெனச்சு அடில புகுந்து பாத்தா சக்கரத்த வண்டியோட இணைக்கற சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருக்கற புஷ், அதான் அந்த ரப்பர் மூட்டு, எல்லாம் வெடிச்சு பொரப்பொரன்னு இருக்கு. ரப்பர் போன வண்டிக்கு எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஆடத்தான் செய்யும், கொஞ்சம் கூடுதலா தூக்கிப் போடும், அவ்ளோதான்.

புஷ் மாத்தினதுல ஒரு தப்பு பண்ணேன், அத இங்க சொல்லியே ஆகணும் ஏன்னா நெறைய பேர் பண்றாங்க. புது ரப்பர் புஷ் எல்லாத்தையும் அழுத்தி ஏத்தியாச்சு, ஆர்ம மாட்டியாச்சு, வண்டி ஸ்டாண்டுல அந்தரத்துல நிக்குது, சக்கரம் கீழ தொங்குது, நான் பாட்டுக்கு அப்படியே போல்ட்ட முழுசா டைட் வச்சுட்டேன். இந்த புஷ்ல உள்ள இருக்கற இரும்புக் குழாயும் ரப்பரும் ஒட்டினது, போல்ட் டைட்டானதும் உள்குழாய் அசையாது, ஆர்ம் மேல கீழ போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் குடுக்கும். தொங்கற நெலைல டைட் வச்சா, வண்டிய எறக்கி சும்மா நிறுத்தி வச்சாலே ரப்பர் முறுக்கிக்கிட்டேதான் கெடக்கும், சீக்கிரமே கிழிஞ்சிடும். லேசா மாட்டி வச்சுட்டு, சக்கரத்துல வண்டியோட பாரம் எறங்கி வழக்கமா நிக்கற ஒசரத்துக்கு வந்தப்பறம்தான் கடைசி டைட். எனக்கு ஒரு வருஷம் கூட தாங்காம மறுபடி ரெண்டு புஷ் மாத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கப்பறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்த சரி பண்றது, அத வீட்ல நூல் கட்டிப் பாக்கறவங்க இருக்காங்க, நான் வெளிலதான் குடுப்பேன், இந்த வண்டில முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் கேம்பர் (சக்கரம் உள்ள வெளில சாயற கோணம்) கூட அட்ஜஸ்ட் பண்ணலாம், நம்ம குத்துமதிப்பா திருப்பி வச்சு டயர தின்ன விடறதுக்கு அது ஒரு நாள் வேலையா போய்த் தொலையட்டும்.

பிரேக் பத்தி கட்டுரைல பெரிய டிஸ்க் போடுங்கன்னு மட்டும் இருந்துச்சு, பிரேக் ஆயில் பத்தி மூச்சே இல்ல. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதுசுல கொறஞ்சது 230 டிகிரி தாங்கணும், தண்ணி சேந்தப்பறம் அந்த அளவு 155ன்னு எறங்கிடுது, மலை எறக்கத்துல விடாம பிரேக் அடிச்சா உள்ள கொதிச்சு ஆவியாகி பெடல் மெத்துன்னு தரைக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பழசெல்லாம் வெளில தள்ளி புதுசு ஊத்தி குழாய்ல மாட்டின ஏர வெளில எடுங்க, பெரிய டிஸ்க்கே வேணாம்னு தோணிடும். ஊத்தறப்ப டப்பாவ படிச்சுட்டு ஊத்துங்க, டாட் 5ன்னு இருந்தா அது சிலிக்கான், மத்ததோட சேராது, நம்பர் பெருசா இருக்கேன்னு ஏமாந்துடக் கூடாது. பின்பக்க பேட் மாத்தறவங்களுக்கு ஒண்ணு, என் வண்டி மாதிரி மொத தலைமுறைல பின் காலிபர் (பேட்ட டிஸ்க் மேல அமுக்கற பாகம்) பிஸ்டன சி கிளாம்ப் போட்டு அமுக்கினா உள்ள போகவே போகாது, நான் ஒரு சாயந்தரம் பூரா மல்லுக்கட்டி பிஸ்டன மூடியிருக்கற ரப்பர் உறையையே கிழிச்சேன். காலிபர் பின்னாடி ஒரு மூடி போல்ட் இருக்கு 14 ஸ்பேனர்ல கழட்டணும், உள்ள 4 எம்எம் ஆலன் கீ விட்டு கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா சுத்தினா சமத்தா உள்ள போயிடுது! ஹேண்ட் பிரேக்குக்காக உள்ள அப்படி வச்சிருக்காங்க. சர்வீஸ் மேனுவல் கைல இருந்தும் படிக்காதவனுக்கு வர வேண்டியதுதான்.

டர்போ போட ஆசைப்படறவங்கள நான் தடுக்கல, ஆனா இந்த 1.6ல டிஃபரென்ஷியல் (இஞ்சின் பவர பின் சக்கரம் ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுக்கற கியர்) சின்னது, கூடுதல் டார்க், அதாவது சுத்தற விசை, வந்தா அதுதான் மொதல்ல பல்லக் காட்டும். 1994 மாடலுக்கு 1.8 இஞ்சின் வச்சப்ப கம்பெனியே பெருசாத்தான் மாத்தினாங்க. கிளட்ச்சும் தாங்காது, ரேடியேட்டர் வேற, ஆக ஒரு பவர் கிட்டுன்னு சொல்லி ஆரம்பிச்சா முழு வண்டியும் அவுந்து கெடக்கும். அத விட இஞ்சின் வால்வ நேரம் தப்பாம ஓட்டற டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு தெரியலன்னா இப்பவே மாத்துங்க, 1 லட்சம் கிலோமீட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த 1.6 இஞ்சின்ல பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வுல இடிக்காது, அது நம்ம அதிர்ஷ்டம், நெறைய இஞ்சின்ல இடிச்சு மொத்தமும் போயிடும். பெல்ட்டக் கழட்டின கையோட வாட்டர் பம்ப், பெல்ட்ட இறுக்கி வைக்கற டென்ஷனர், ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்திடணும், ரெண்டாந்தடவ அதே எடத்த பிரிக்கறது மாதிரி எரிச்சல் வேற கெடையாது.

டாப்பு தொறக்கற வண்டிக்காரங்க பாக்கவே பாக்காத ஒரு எடம், சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு மூலைலயும் தண்ணி வடியற ஓட்டை. அதுல எல தழை அடைச்சா மழத்தண்ணி வெளில போகாம கதவுக்குக் கீழ இருக்கற பட்டைக்குள்ள போய் உள்ளயே துரு புடிக்கும், வெளில பெயிண்ட் கொப்பளிச்சுத் தெரியறப்ப உள்ள பாதி தகடே இருக்காது. வருஷத்துக்கு ரெண்டு தடவ வளையற பிளாஸ்டிக் டியூப் விட்டு மெதுவா தள்ளினா போதும், கம்பி போட்டுக் குத்தாதீங்க, உள்ள இருக்கற ரப்பர் குழாய் பொத்துடும். டிக்கில இருக்கற பேட்டரியும் அதே மாதிரி, ஆவி வெளில போக குழாய் வச்ச வகைதான் போடணும், சாதா பேட்டரிய வச்சா ஆசிட் ஆவி அங்கயே சுத்தி தகட்ட அரிச்சிடும். துருவ சரி பண்ண எந்த கிட்டும் விக்கறதில்ல, வெட்டி எடுத்துட்டு வெல்டிங்தான்.

இன்னொரு கட்டுரை போடறதா இருந்தா இதையெல்லாம் மொதல் பாதில போட்டுட்டு டர்போவ கடைசிப் பத்தில வச்சுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. அது வர்றதுக்கு முன்னாடியே அந்த போட்டோவுக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க சார், மொதமொதலா ஸ்பேனர் புடிக்கற பசங்க படத்தப் பாத்துத்தான் கத்துக்கறாங்க, எழுத்த அப்பறமாத்தான் படிக்கறாங்க.

இப்படிக்கு,
கை நெறைய கிரீஸோட ஒரு வாசகன்